மண்ணை இறுக்கும் தீ பித்தளையை இளக்குவது ஏன்?

விருத்தாசலத்துச் சூளைக்குள் போகும்போது அது தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் பச்சை மண். வெளியே வரும்போது சுண்டினால் கணீரென்கிறது. கொலு பொம்மை, அகல் விளக்கு, இன்சுலேட்டர், மீட்டர் பலகையில் செருகும் ஃபியூஸ் கட்டை என்று அந்த ஊரின் செராமிக் பட்டறைகளிலிருந்து வெளியூர் போகும் பொருட்கள் எல்லாமே நெருப்பில் இறுகியவை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போது கிடைக்கும் வெண்களிமண் பக்கத்திலேயே இருப்பதும், செராமிக் தொழிற்பேட்டையும், அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுத்தரும் அரசுக் கல்வி நிறுவனமும் சேர்ந்து அதைச் செராமிக் நகரமாக்கின. சுட்டால் கெட்டிப்படும் என்பது அங்கே பாடம் படிக்காமலே தெரியும் உண்மை. ஆனால் அதே ஃபியூஸ் கட்டைக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டைத் தனியே கழற்றித் தீயில் காட்டினால் நேர்மாறாக நடக்கிறது. அதுவரை வளைத்தால் திமிறிக்கொண்டு பழைய நிலைக்கே திரும்பிய தகடு, சூடு காட்டி ஆறிய பிறகு வளைத்த இடத்தில் அப்படியே நிற்கிறது. ஒரே நெருப்பு ஒன்றை இறுக்கவும் இன்னொன்றை இளக்கவும் எப்படி முடிகிறது? கெட்டித்தன்மையும் மென்மையும் நெருப்பு கொண்டுவந்து தருபவை அல்ல என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பொருளுக்குள் ஏற்கெனவே என்ன தேங்கியிருக்கிறதோ, அதிலிருந்து விடுபட அணுக்களுக்கு நெருப்பு வழிவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியை மிகச் சிறிய அளவில் நாள்தோறும் சந்திப்பவர்கள் மாதிரி வடிவங்கள் செய்பவர்கள். விருத்தாசலம் ஜங்ஷன் வழியாகப் போகும் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உடல் 21 மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம். ரயில் மாதிரிகளில் பரவலாகப் பயன்படும் 1:87 அளவில் அது கால் மீட்டருக்குள் அடங்கிவிடும். கதவோரம் 25 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கைப்பிடிக் கம்பி இருந்தால், மாதிரியில் அதன் தடிமன் 0.3 மில்லிமீட்டருக்கும் குறைவு. பிளாஸ்டிக்கில் அவ்வளவு மெல்லியதாக வார்க்க முடியாது, வார்த்தாலும் ஒடிந்துவிடும். எனவே ஏணி, கம்பி, ஜன்னல் வலை போன்றவற்றை மெல்லிய பித்தளைத் தகட்டிலிருந்து ஒளி அரிப்பு முறையில் எடுக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் கெட்டியாகும் ஒரு பூச்சைத் தகட்டின் மேல் பூசி, படம் பதித்த ஃபிலிமை வைத்துப் புறஊதா ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஒளி படாத இடத்தில் பூச்சு கழுவப்பட்டுவிடும். பிறகு ஃபெரிக் குளோரைடு கரைசலில் இட்டால், மூடப்படாத பித்தளை மட்டும் கரைந்து, மூடப்பட்ட வடிவம் மிஞ்சும். மின்சுற்றுப் பலகை செய்வதும் இதே வழியில்தான். இந்த முறையில் தகட்டை யாரும் அடிப்பதில்லை, நசுக்குவதில்லை, சூடாக்குவதும் இல்லை. அதனால் தகடு ஆலையிலிருந்து வந்தபோது என்ன குணத்தோடு இருந்ததோ அதே குணம் அந்தச் சின்னஞ்சிறு கைப்பிடியிலும் இருக்கும். ஆலையில் அந்தத் தகடு குளிர்ந்த நிலையிலேயே உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப நசுங்கி மெலிந்தது. அங்கே ஏறிய முரட்டுத்தனம்தான் கைப்பிடியை உருண்டையாக வளைக்க முயலும்போது எதிர்த்து நிற்கிறது.

நசுக்கினால் ஏன் முரடாக வேண்டும்? பித்தளைக்குள் செம்பு அணுக்களும் துத்தநாக அணுக்களும் வரிசை வரிசையாக, அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. இப்படி ஒழுங்காக அடுக்கப்பட்ட பகுதியைப் படிகம் என்கிறோம். ஒரு தகட்டில் எண்ணற்ற குட்டிப் படிகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை ஒவ்வொன்றையும் படிகமணி என்று அழைக்கலாம். உலோகம் நிரந்தரமாக வளையும்போது ஓர் அணு அடுக்கு அடுத்த அடுக்கின் மேல் வழுக்குகிறது. இந்த வழுக்கலுக்கு எவ்வளவு விசை வேண்டும் என்று ரஷ்ய இயற்பியலாளர் யாகொவ் ஃப்ரெங்கெல் 1926இல் கணக்கிட்டுப் பார்த்தார். ஓர் அடுக்கிலுள்ள எல்லா அணுக்களும் ஒரே நேரத்தில் நகர்வதாக வைத்துக்கொண்டால், தூய உலோகப் படிகம் நிஜத்தில் வளையும் விசையைப்போல் ஆயிரம் மடங்கு அளவுக்குத் தேவைப்பட்டது. கணக்கில் பிழை இல்லை. எல்லா அணுக்களும் ஒன்றாக நகர்கின்றன என்ற அனுமானம்தான் தவறு. கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமுக்காளத்தை ஒரு சாண் நகர்த்த வேண்டும் என்றால், ஒரு முனையைப் பிடித்து இழுப்பது பெரும்பாடு. ஒரு ஓரத்தில் சிறு மடிப்பை உண்டாக்கி, அந்த மடிப்பைக் காலால் தள்ளிக்கொண்டே மறு ஓரம் வரை போனால், ஒருவரே எளிதாக நகர்த்திவிடலாம். படிகத்திலும் அணு வரிசை ஓரிடத்தில் பிறழ்ந்து இப்படி ஒரு மடிப்பு விழுந்திருக்கும், அது ஊர்ந்து போகும்போது அடுக்கு நகர்கிறது என்று ஜி.ஐ. டெய்லர், எகோன் ஓரோவான், மைக்கேல் போலன்யி ஆகிய மூவரும் 1934இல் தனித்தனியாகச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் டிஸ்லோகேஷன் எனப்படும் இதை வரிசைப்பிறழ்வு என்போம். இருபது ஆண்டுகளுக்கு மேல் இது பெரும்பாலும் காகிதத்தில் இருந்த கருத்து. 1956இல் கேம்பிரிட்ஜில் பீட்டர் ஹிர்ஷும் உடன் பணியாற்றியவர்களும் மெல்லிய அலுமினியத் தாளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அந்தப் பிறழ்வுகள் கருங்கோடுகளாகத் தெரிந்தன. அவை நகர்வதையும் கண்ணால் காண முடிந்தது.

ஒரு மடிப்பு இருந்தால் ஜமுக்காளம் எளிதில் நகரும். நாலா பக்கமும் நூறு மடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்திருந்தால் எதுவும் நகராது, ஒன்றின் வழியை இன்னொன்று அடைத்துக்கொள்ளும். குளிர்நிலையில் நசுக்கிய உலோகத்தின் நிலை இதுதான். நன்கு இளகிய உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பைச் சில பத்து லட்சம் பிறழ்வுக் கோடுகள் கடந்து போகின்றன என்றால், கடுமையாக நசுக்கப்பட்ட உலோகத்தில் அது லட்சம் கோடி அளவுக்கு ஏறிவிடும். ஒவ்வொரு முறை நசுக்கும்போதும் புதிய பிறழ்வுகள் பிறக்கின்றன, பழையவற்றோடு சிக்குகின்றன. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கொண்ட பித்தளையில், இளகிய தகட்டை நிரந்தரமாக வளைக்கத் தேவைப்படும் அழுத்தத்தைப்போல் சுமார் நான்கு மடங்கு, உருட்டி இறுகிய தகட்டுக்கு வேண்டும். ஆனால் நிரந்தரமாக வளைவதற்கு முந்தைய கட்டத்தில், அதாவது விட்டால் திரும்பிவிடும் அளவுக்குச் சற்றே வளைக்கும்போது, இரண்டுமே ஏறக்குறைய ஒரே அளவு எதிர்ப்பைத்தான் காட்டும். அணுக்களுக்கு இடையிலான பிணைப்பின் வலிமை இரண்டிலும் ஒன்றே. வித்தியாசம் பிறழ்வுகளின் நெரிசலில் மட்டும் இருக்கிறது. இறுகிய தகடு நெடுந்தூரம் வளைந்தும் திரும்பிக்கொள்கிறது, இளகிய தகடு சீக்கிரமே சொன்ன பேச்சைக் கேட்டு நின்றுவிடுகிறது.

நசுக்கியதன் விளைவு உலோகத்துக்குள் தேங்கிக் கிடக்கிறது என்பதற்கு என்ன சாட்சி? பிறழ்வைக் கற்பனை செய்த அதே டெய்லர், அதற்கு முன்பே 1925இல் ஃபாரன் என்பவரோடு சேர்ந்து உலோகக் கம்பிகளை இழுத்து நீட்டி, செலவான உழைப்பையும் பிறந்த வெப்பத்தையும் அளந்தார். செம்பில் சுமார் பத்தில் ஒன்பது பங்குதான் வெப்பமாக வெளிவந்தது. மிச்சம் எங்கே போனது? அது உலோகத்துக்குள்ளேயே, ஒழுங்கு குலைந்த அணு வரிசைகளில் தங்கிவிட்டது. 1934இல் குவின்னி என்பவரோடு இந்த அளவீட்டை இன்னும் விரிவாகச் செய்தார். எக்ஸ் கதிர் சோதனையும் இதையே சொல்கிறது. இளகிய உலோகத்தில் மெல்லிய கூரிய கோடுகளாக விழும் கதிர்ப்பதிவு, நசுக்கிய உலோகத்தில் மழுங்கி அகன்று விழும். சூடு காட்டினால் மறுபடி கூர்மையாகும்.

இன்னொரு சாட்சி நம் நாட்டிலிருந்தே கிடைத்தது, அதுவும் பலத்த சேதத்தோடு. பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலம் வந்தால் படையின் நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்துவிட்டு, வெயில் திரும்பியதும் எடுப்பார்கள். எடுத்துப் பார்த்தால் பித்தளைத் தோட்டா உறைகள் பல, யாரும் தொடாமலே பிளந்திருக்கும். குறிப்பாக, குண்டைப் பிடித்துக்கொள்ள உறையின் வாயை நெருக்கி அமுக்கிய இடத்தில் விரிசல் ஓடியிருக்கும். 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் இதற்கு விளக்கம் கண்டார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா ஒரு காரணம், குளிர்நிலையில் இழுத்தும் நெருக்கியும் செய்ததால் உறைக்குள் அடைபட்டிருந்த இழுவிசை மற்றொரு காரணம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விரிசல் இல்லை. உறைகளை மிதமாகச் சூடாக்கி உள்ளிழுவிசையைப் போக்கியதும் பிரச்சினை தீர்ந்தது. உலோகம் தனக்கு நேர்ந்ததைச் சுமந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை.

அந்த மிதமான சூடு என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் சூடு காட்டும்போது நடப்பது ஒரே காரியம் அன்று. முதல் கட்டத்தில், பித்தளைக்கு 300 பாகை செல்சியஸுக்கும் கீழே, அணுக்கள் லேசாக இடம் மாறி உள்ளிழுவிசை தளர்கிறது. கடினம் பெரிதாகக் குறைவதில்லை. தோட்டா உறைக்கு இந்தக் கட்டமே போதும், ஏனென்றால் உறை வலுவாகவும் இருக்க வேண்டும், விரிசல் விடவும் கூடாது. இதை மீட்சிக் கட்டம் என்கிறார்கள். அதற்கு மேல் சூடேறும்போது உண்மையான திருப்பம் நிகழ்கிறது. நெரிசல் மிகுந்த இடங்களில் பிறழ்வுகள் அநேகமாக இல்லாத புத்தம்புதுப் படிகமணிகள் முளைத்து, சுற்றியுள்ள சிக்கலான பகுதிகளை விழுங்கி வளர்கின்றன. இதற்கு மறுபடிகமாதல் என்று பெயர். தகடு உருகவில்லை, வடிவம் மாறவில்லை, ஒரு துளிகூடத் திரவமாகவில்லை. திடப்பொருளாக இருந்தபடியே உள்ளமைப்பு முழுவதும் புதிதாகிவிடுகிறது. அரைத்து மெருகேற்றி அமிலம் தடவிய மேற்பரப்பை நுண்ணோக்கியில் பார்த்தால், நசுங்கி நீண்டிருந்த மணிகள் போய், எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுள்ள மணிகள் வந்திருப்பது தெரியும்.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. எந்த அளவுக்கு அதிகமாக நசுக்கி முரடாக்கினோமோ, அந்த அளவுக்குக் குறைந்த வெப்பத்திலேயே தகடு இளகத் தொடங்குகிறது. மென்மை நெருப்பிலிருந்து வருகிறது என்றால், முரடான தகட்டுக்கு அதிக நெருப்பு அல்லவா வேண்டும்? மாறாக நடப்பதால், மாற்றத்தை உந்துவது உள்ளே தேங்கிய ஆற்றல்தான், வெப்பம் அணுக்களுக்கு நகரும் சக்தியை மட்டுமே தருகிறது என்று முடிவு செய்வது நியாயம். ஈயம் இதை இன்னும் எளிதாகக் காட்டுகிறது. தனிச்சுழியிலிருந்து எண்ணும் வெப்ப அளவில், தூய உலோகங்கள் தங்கள் உருகுநிலையில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகிலும் கலப்பு உலோகங்கள் பாதிக்கு அருகிலும் மறுபடிகமாகத் தொடங்கும். ஈயம் உருகுவது 327 பாகை செல்சியஸில். நம் வீட்டு வெப்பநிலையே அதன் உருகுநிலையில் பாதியைத் தொட்டுவிடுகிறது. எனவே ஈயத் தகட்டை எவ்வளவு அடித்தாலும் முரடாகாது, அடிக்க அடிக்கத் தானே இளகிக்கொள்ளும். பித்தளை உருகத் தொடங்குவது 915 பாகையை ஒட்டி. அதற்குத் தீ வேண்டியிருக்கிறது, ஈயத்துக்கு வேண்டியதில்லை.

இனி எதிர்வாதங்கள். எந்த உலோகமும் சூட்டில் மென்மையாகத்தானே இருக்கும், இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். சூடாக இருக்கும்போது மென்மையாக இருப்பது ஆறியதும் போய்விடும். இங்கே தகடு முழுவதும் ஆறி, கையால் தொடும் நிலைக்கு வந்து, மாதங்கள் கழிந்தும் மென்மையாகவே இருக்கிறது. மறுபடி அடித்தாலோ வளைத்தாலோதான் முரட்டுத்தனம் திரும்பும். கோயில் கவசத்துக்குச் செம்புத் தகட்டை அடித்து உருவம் எழுப்புகிறவர்கள், வேலைக்கு நடுவே தகட்டைத் திரும்பத் திரும்பத் தீயில் காட்டுவது இதனால்தான். யுனெஸ்கோ 2014இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பஞ்சாபின் ஜண்டியாலா குருவின் பாத்திரக் கைவினைஞர்களும் அடிப்பதையும் சூடாக்குவதையும் இணைத்தே செய்கிறார்கள். காரணம் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே கைகள் இதைக் கண்டுகொண்டன.

இதைவிட வலுவான ஆட்சேபம் கொல்லன் பட்டறையிலிருந்து வரும். அரிவாளைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகிறதே, பித்தளையை அப்படி முக்கினால் மறுபடி முரடாகாதா? ஆகாது. எஃகுக்குள் கரி அணுக்கள் உண்டு, மேலும் சூட்டில் இரும்பின் படிக அமைப்பே வேறாக மாறுகிறது. சட்டென்று குளிர்வித்தால் கரி அணுக்கள் வெளியேற நேரமின்றி இரும்பின் அடுக்குக்குள் சிக்கி, அதைக் கோணலாக்கி இறுக்குகின்றன. நாம் பேசும் பித்தளையில் அப்படிச் சிக்கிக்கொள்ளும் கரியும் இல்லை, உருகும்வரை படிக அமைப்பு மாறுவதும் இல்லை. எனவே காற்றில் மெல்ல ஆறவிட்டாலும் தண்ணீரில் போட்டாலும் கிடைக்கும் மென்மை ஒன்றே. மெல்லிய பாகங்கள் தண்ணீரில் விழும்போது கோணிவிடக்கூடும் என்பதால் காற்றே மேல்.

அப்படியென்றால் களிமண்? அங்கும் அடிப்படை ஒன்றுதான். பச்சை மண்ணுக்குள் தேங்கியிருப்பது பிறழ்வு நெரிசல் அன்று, துகள்களுக்கு இடையிலான எண்ணற்ற இடைவெளிகளும் பரந்து கிடக்கும் துகள் பரப்பும். 500, 600 பாகை வாக்கில் களிமண்ணின் அமைப்போடு பிணைந்திருந்த நீர் வெளியேறுகிறது. 1,200 பாகையை நெருங்கும்போது கலவையிலுள்ள ஃபெல்ஸ்பார் உருகி இடைவெளிகளை நிரப்பி, ஆறியதும் கண்ணாடியாக உறைந்து எல்லாவற்றையும் கட்டிப்போடுகிறது. இடைவெளி போனதால் மண் இறுகுகிறது, நெரிசல் போனதால் பித்தளை இளகுகிறது. இரண்டுமே தங்களிடம் மிகையாக இருந்த ஆற்றலை இறக்கிவைக்கின்றன. ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியம். சுட்ட பீங்கானை மறுபடி மண்ணாக்க முடியாது. பித்தளையை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் முரடாக்கி, எத்தனை முறை வேண்டுமானாலும் இளக்கலாம்.

இந்த அறிவு வேலை மேசைக்கு வரும்போது, எவ்வளவு சூடு என்பதே பெரிய கேள்வி. பித்தளைக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் எல்லை சுமார் 425 முதல் 750 பாகை. வெப்பமானி இல்லாமல் இதை அறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. திடப்பொருட்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில், சுமார் 525 பாகையில், இருட்டில் மங்கலாகச் சிவக்கத் தொடங்குகின்றன என்று ஜான் வில்லியம் டிரேப்பர் 1847இல் காட்டினார். பொருள் எதுவாக இருந்தாலும் இந்தத் தொடக்கம் மாறுவதில்லை. எனவே விளக்கை அணைத்து அரையிருட்டில் வேலை செய்தால், சிவப்பு தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அந்த நொடியே பித்தளைக்குச் சரியான பதம். பகல் வெளிச்சத்தில் சிவப்பைத் தேடினால், கண்ணுக்குத் தெரியும் வேளையில் தகடு எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கும். தாண்டினால் என்ன ஆகும்? புதிய படிகமணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்துவிடும். பெருத்த மணிகள் உள்ள தகட்டை வளைத்தால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாகும், அதன்மேல் பெயிண்ட் அடித்தாலும் தெரியும். இன்னும் சூடேறினால் துத்தநாகம் ஆவியாகத் தொடங்கும், பிறகு பாகமே துளியாக உருகிச் சுருண்டுவிடும். 0.15 மில்லிமீட்டர் தகடு கேஸ் அடுப்பின் தீயில் இந்தப் படிகளையெல்லாம் ஓரிரு நொடியில் கடந்துவிடும். அதனால் ஸ்பிரிட் விளக்கின் சிறு தீயே நல்லது, அதிலும் பாகத்தைத் தீக்குள் நிறுத்தாமல் மேலே ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாகங்களை அவற்றைச் சுற்றியுள்ள தகட்டுச் சட்டத்திலிருந்து வெட்டுவதற்கு முன்பே, சட்டத்தோடு சேர்த்துக் குறட்டால் பிடித்துச் சூடு காட்டுவது எளிது. சூட்டில் படியும் கறுப்பு ஆக்சைடின் மேல் பெயிண்ட் நன்றாகப் பிடிக்காது. பித்தளைப் பாத்திரம் விளக்கும் புளியே அதை நீக்கப் போதும், அதிலுள்ள அமிலம் ஆக்சைடைக் கரைத்துவிடும். சில உற்பத்தியாளர்கள் ஒளி அரிப்புப் பாகங்களைத் துருப்பிடிக்காத எஃகில் செய்கிறார்கள். அதை இளக்க 1,000 பாகைக்கு மேல் வேண்டும், வீட்டுத் தீயில் முயல்வது வீண்.

இளக்குவது எப்போதும் நன்மை என்றும் எண்ண வேண்டாம். ஃபியூஸ் கட்டையின் பித்தளைப் பிடிகள் முரடாக இருந்தால்தான் செருகியை இறுக்கிப் பிடிக்கும். பிடி தளர்ந்து தொடர்பு சரியாக இல்லாவிட்டால் அங்கே சூடேறும், சூடேறினால் பிடி மேலும் தளரும், அதனால் இன்னும் சூடேறும். மீட்டர் பலகையில் ஃபியூஸ் கட்டை கறுத்துப்போவது பலமுறை இப்படித்தான். மாதிரி வடிவத்திலும் இதே கணக்கு. உருண்டையாகச் சுருட்ட வேண்டிய கைப்பிடி, வளைந்த கூரைப் பட்டை, இருமுறை மடிய வேண்டிய படிக்கட்டு ஆகியவற்றுக்குச் சூடு காட்டுங்கள். நேராக நிற்க வேண்டிய ஏணி, கம்பி வேலி, பாதி அரித்து மடிப்புக்கோடு போட்ட பெட்டி ஆகியவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். இளகிய கம்பி ஒரு விரல் தவறிப் பட்டாலும் வளைந்துவிடும், அதை மறுபடி நேராக்குவது புதிதாக ஒன்று செய்வதைவிடக் கடினம்.